சி வரிசையில் ஒரு மோட்டார்

அந்தப் பெண் வந்து பாதையில் ரப்பர் குழாய் போட்ட பிறகு சத்தியசீலனுக்குத் தூக்கம் போயிற்று. அதற்கு முந்தைய மூன்று வருடமும் நிம்மதியாகத் தூங்கினார் என்று சொன்னால் பொய். தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு மனைவி காஞ்சனாவை ஏமாற்றவாவது அப்போது முடிந்தது.

புக்கிட் செலம்பாவ் பக்கம் ரப்பரை வெட்டி, பிறகு செம்பனையை வெட்டி, கடைசியில் தண்ணீரைக் கொட்டிக் கட்டிய தீம் பார்க் அது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அலோர் ஸ்டாரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஜனம் வந்து குவியும். சறுக்கு விளையாட இருபது நிமிடம் காத்திருந்தால் போதும், கார் வைக்க ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் காட்ட வந்த அப்பாக்கள் காரிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகளை அறையத் தயாராக இறங்குவார்கள். கார் நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பாளரான சத்தியசீலன் அந்த வசவுகளை மூன்று மொழியிலும் வாங்கிப் பழகியவர். இதெல்லாம் போதும் என்று நிர்வாகம் இந்த வருடம் முடிவெடுத்தது. தாரைக் கிளறி, உள்ளே இரண்டு வட்டச் சந்திப்புகள் கட்டி, எல்லாப் பாதையையும் ஒருவழியாக்கிவிடுவது என்று ஏற்பாடு.

அதற்காக சுங்கை பட்டாணியிலிருந்து வந்த இன்ஜினியர்தான் ஸ்டெஃபனி. முப்பதைத் தாண்டாத வயது, தலையில் வெள்ளைத் தொப்பி, வாயில் எப்போதும் புளிப்பு மிட்டாய். வரைபடம் போடுவதற்கு முன்னால் வண்டிகளை எண்ண வேண்டும் என்று ஒவ்வொரு வரிசையிலும் உள்ளே போகும் பாதையில் ஒரு குழாயும், வெளியே வரும் பாதையில் ஒரு குழாயும் குறுக்கே போட்டாள். சக்கரம் ஏறினால் குழாய் அமுங்கும், ஓரத்தில் இருக்கும் பெட்டி எண்ணிக்கொள்ளும். காரா, பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா என்றுகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

ஒரு வாரம் கழித்து அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சத்தியசீலனின் அறைக்கு வந்தாள்.

"அங்கிள், சி வரிசைல தினமும் காலைல ஏழு பத்துக்கு ஒரு மோட்டார் உள்ள போகுது. வெளிய வர்றதே இல்ல. இந்நேரம் உள்ள ஏழு மோட்டார் நிக்கணும்லா."

மோட்டாரை உள்ளே விடுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது என்று சத்தியசீலன் சொன்னார். பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்றார். அவளும் நல்ல பிள்ளையாகப் பெட்டியை மாற்றினாள். புதுப் பெட்டியும் மறுநாள் ஏழு பத்துக்கு ஒரு மோட்டார் என்றது.

அதற்கு அடுத்த நாள் ஏழு மணிக்கே அவர் சி வரிசையில் போய் நின்றார். வெயில் நன்றாக வந்துவிட்டது. கேட் பூட்டியிருந்தது, ஒரு வண்டி இல்லை. கடிகாரம் ஏழு பத்தைத் தொட்டபோது அவர் கண் எதிரே அந்தக் கறுப்புக் குழாய் ஓரிடத்தில் தட்டையாக அமுங்கி எழுந்தது. உடனே மறுபடி ஒருமுறை அமுங்கி எழுந்தது. முன்சக்கரம், பின்சக்கரம். சத்தம் இல்லை, புகை இல்லை, காற்றுகூட இல்லை. சத்தியசீலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யார் என்று அவருக்குத் தெரியும். பம்பு அறையில் வேலை பார்த்த தேவன். ஏழேகாலுக்கு வேலை, ஏழு பத்துக்கு மோட்டாரில் உள்ளே நுழைவான். மூன்று வருடத்துக்கு முன்னால் பள்ளி விடுமுறையின் முதல் நாள், சி வரிசையின் முனையில், வளைவில் திரும்பிய ஐஸ் லாரி அவன்மேல் ஏறிவிட்டது. அந்த முனையில் வளைவுக் கண்ணாடி ஒன்று இருந்தது. கூடுதலாக நாலு கார் நிற்கட்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் அதைப் பிடுங்கியிருந்தார்கள். அப்போதைய மேனேஜர் ஓடி வந்து பார்த்தார். உள்ளே நடந்தது என்று தெரிந்தால் பார்க்கை மூடிவிடுவார்கள், இவனை வெளியே ரோட்டுக்குக் கொண்டுபோ என்றார். சத்தியசீலன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவனைப் பேட்டரி வண்டியில் தூக்கிக் கிடத்தி, வெளியே பெரிய ரோட்டில் இருக்கும் புலாத்தான் என்கிற வட்டச் சந்திப்பு வரைக்கும் ஓட்டிப்போய், அங்கே புல்லில் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மோட்டாரையும் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். புலாத்தானில் சறுக்கி விழுந்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பொறுப்பாளர் பதவி அதற்கப்புறம் வந்தது.

ஏற்றும்போது தேவனுக்கு மூச்சு இருந்தது. இறக்கும்போது இல்லை. இதை அவர் காஞ்சனாவிடம்கூடச் சொன்னதில்லை.

விபத்தில் போனவர்களின் உயிர் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், வீட்டு ஆட்கள் போய்ப் பேர் சொல்லி அழைத்துவர வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். மூன்றாம் நாள் தேவனின் மனைவி நவமணி சொந்தக்காரர்களோடு வந்து, புலாத்தானில் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, அவன் பேரை மூன்று முறை கூப்பிட்டாள். ஒரு பிடி மண்ணை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீடுவரைக்கும் நடந்தாள். அன்றைக்குக் கை காட்டி, விசில் ஊதி, கார்களையெல்லாம் நிறுத்தி அவளுக்கு வழி விட்டவர் சத்தியசீலன். தேவன் விழுந்த இடம் அதுவல்ல என்று தெரிந்தும் விசில் ஊதினார். அந்த விசிலை நினைக்கும்போதெல்லாம் தன்மேல் அவருக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

ஆக, நவமணி ஆளில்லாத இடத்தில் கூப்பிட்டிருக்கிறாள். ஆள் இங்கே சி வரிசையில், உள்ளே வருவதும் வெளியேறத் தெரியாமல் நிற்பதுமாக இருக்கிறான்.

ஸ்டெஃபனி வரைபடத்தை விரித்துக் காட்டினாள். முதல் வட்டத்தின் நடு சரியாக அந்த முனையில் வந்தது. திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும். சுற்றிக் கல் பதித்து, மண் கொட்டி மேடாக்கி, மேலே பூச்செடி வைப்பார்கள்.

"ஒருதடவ கட்டிட்டா இருபது வருஷத்துக்கு யாரும் தொட மாட்டாங்க, அங்கிள்," என்றாள் பெருமையாக.

சத்தியசீலன் முதலில் தானே முயன்று பார்த்தார், பயந்த மனிதன் அப்படித்தானே செய்வான். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தேங்காயோடு முனைக்குப் போய், தேவா, தேவா, தேவா என்று கூப்பிட்டுவிட்டு நடந்தார். சனிக்கிழமை ஏழு பத்துக்குக் குழாய் மறுபடி அமுங்கியது. கோயில் பூசாரி பக்கிரிசாமியிடம், யாருக்கோ நடந்தது மாதிரி விசாரித்தார். வெளி ஆள் கூப்பிட்டால் எப்படி வரும், கட்டினவள் கூப்பிட வேண்டும் என்றார் பூசாரி. போலீஸ் வரும், வேலை போகும், ஊரே முகத்தில் விழிக்காது. இருந்தாலும் திங்கட்கிழமைக்குள் நவமணியிடம் சொல்லியே ஆக வேண்டும். அன்று மத்தியானமே அவர் காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அவளைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. துரும்பாகியிருப்பாள் என்று நினைத்துப் போனவருக்கு முன்னால், கன்னம் பூசினாற்போல், தலையில் பூவோடு நின்றாள். வாங்கண்ணே என்று உட்காரவைத்து, காப்பி போட்டாள். இரண்டு கிளாஸ் கொண்டுவந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். உள்ளே யார் என்று அவர் கேட்டார்.

"அவருதாண்ணே. அன்னைக்குக் கூட்டிட்டு வந்தோம்ல, அப்பறம் எங்கயும் போகல. காப்பி வச்சா குடிச்சிருவாரு. காலைல துண்டு ஈரமா இருக்கும். நீங்க மட்டும் அன்னைக்குக் காரை நிறுத்தலன்னா என்னால கூட்டிட்டு வந்திருக்க முடியுமா?"

சத்தியசீலன் அறைக் கதவைப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். இவள் இப்படியே சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், அவன் அங்கேயே கிடக்கட்டும். ஆனால் தட்டையாகி எழுந்த குழாய் கண்ணில் வந்தது. கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணாடியைப் பிடுங்கியது, லாரி, பேட்டரி வண்டி, புலாத்தான், போலீசில் எழுதிக் கொடுத்தது, இப்போது தினமும் ஏழு பத்துக்கு வருகிற மோட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"உயிர் இருந்துச்சும்மா. மோட்டாரைப் பூட்டலண்ணேன்னு சொன்னான். அதான் கடைசியா பேசினது."

நவமணி அழவில்லை. கத்தவும் இல்லை. மோட்டாரைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அது தேவனின் பேச்சுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப மூணு வருஷமா என் வீட்டுல இருக்கறது யாருண்ணே?"

எத்தனையோ பேர் அடிபட்டு விழுந்த புலாத்தான் அது. கூப்பிட்ட குரலுக்கு யார் வேண்டுமானாலும் எழுந்து வந்திருக்கலாம். அறைக்குள் கிளாஸை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது.

நவமணி அறைப் பக்கம் பார்க்காமல் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாங்க என்று அவருக்குச் சைகை காட்டி, வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். சத்தியசீலன் கதவுகளை உள்ளிருந்து பூட்டினார்.

"நான் வந்து கூப்பிடுறேண்ணே," என்றாள். "என் குரலுக்கு அவரு வருவாரு. ஆனா கூட்டிட்டுப் போக எனக்கு இப்ப வீடு இல்ல. உங்க வீட்டுக்குத்தான் வரணும். அக்காகிட்ட சொல்லி ஒரு ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க."

சத்தியசீலன் மறுக்கவில்லை. மறுக்க அவருக்கு என்ன வாய் இருக்கிறது? போனை எடுத்துக் காஞ்சனாவைக் கூப்பிட்டு, பின்னறையில் இருக்கும் சாமான்களை எடுத்துவிட்டு, ஒரு நாற்காலி போட்டு வைக்கும்படி சொன்னார்.

எத்தனை நாளைக்கு, யார் வருகிறார்கள் என்று கேட்டாள் காஞ்சனா.