கயானியில் எல்லோரும் கூகுளிடமே கேட்கிறார்கள்

1.
ஒரு வரைபடத்தைப் பார்த்த எரிச்சலில் பிறந்த கதை இது. தொழில் தொடங்க அரசு தரும் உதவித்தொகையை இணையத்தில் எந்த வட்டாரம் அதிகம் தேடுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தலைநகர் ஹெல்சிங்கி வெளிர் நீலம். பின்லாந்தில் நான் பல வருடமாக வாழும் கைனு வட்டாரம் கருநீலம். "கைனுவில் தொழில் ஆர்வம்" என்று தலைப்பு வேறு.

(ஆர்வமாவது. இந்த வரைபடம் தலைகளை எண்ணுவதில்லை. அந்த ஊரின் மொத்தத் தேடலில் இதற்கு எவ்வளவு பங்கு என்றே பார்க்கிறது. ஆள் குறைந்த ஊரில் சிலர் தேடினாலே நிறம் ஏறிவிடும். தவிர, ஹெல்சிங்கியில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பார்கள். இங்கே வாய் திறந்து கேட்பதற்குள் உயிர் போய்விடும்.)

2.
முதல் வரி: "பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் சைமி..."

அடித்துவிட்டேன். இங்கே எப்போது பெய்யவில்லை?

சைமி, கைனுவின் கயானி நகரில் அந்த உதவித்தொகைக்கே ஆலோசகர். அவள் கணவன் இல்போவுக்கு ட்ரோன் வைத்துக் கூரைப் பனியை அளந்து, கூரை தாங்குமா என்று சொல்லும் தொழில் தொடங்க ஆசை. அதை அவளிடம் சொன்னதில்லை. காதல் கதைக்கு இது போதும் என்று நினைத்தேன். என் புத்தி.

3.
மீன் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"என்னை ஹெல்சிங்கிக்கு மாத்தறேங்கறாங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள் சைமி.

"ம்."

"ம்-னா?"

"நல்ல வேலைதானே."

அவ்வளவுதான். இல்போ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சானா என்னும் நீராவிக் குளியலறைப்பக்கம் போய், 'உதவித்தொகை பெறுவது எப்படி' என்று தேடுகிறான். நானே கதைக்குள் இறங்கினேன்.

"ஏன்ப்பா, அவகிட்டயே கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"ஆபீஸ் விஷயத்தை வீட்ல பேசினா அவளுக்குச் சங்கடங்க."

"அப்ப ஊரை விட்டே போயிடுவியா?"

"அவளுக்குப் போக ஆசை போல."

சமையலறைக்கு ஓடினேன்.

"எனக்கு என்ன ஆசை?" என்றாள் சைமி. "இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன். சொல்லலையே."

"நீ கேளேன்மா."

"அவன் முடிவுல நான் மூக்கை நுழைக்கறதா? நல்லா இருக்கே."

4.
அவன் லேப்டாப்பை மூடாமல் தூங்கிப்போகிறான், அவள் பார்க்கிறாள், கட்டிக்கொண்டு அழு...

கிழித்துப் போட்டேன். பார்த்தது சரி, ஆனால் சைமி அழமாட்டாள். அவள் செய்தது இது: காலையில் ஆபீஸ் போய், உதவித்தொகை இணையப் பக்கத்தின் உச்சியில் "தேடியது போதும், கூப்பிடுங்கள்" என்று எழுதி, தன் மேசை எண்ணைப் போட்டாள். என் கதாபாத்திரங்களுக்கு இதுதான் கொஞ்சல்.

பதினோரு மணிக்கு அவள் மேசை போன் அடித்தது. திரையில் இல்போவின் எண்.

"தொழில் உதவி மையம். சொல்லுங்க," என்றாள், ஆபீஸ் குரலில்.

மூச்சு கேட்கிறது. பேச்சில்லை. அவளும் வைக்கவில்லை.

நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் இவன் சொல்லமாட்டேன் என்கிறான். "இருந்துடு சைமி" என்று எழுதினேன். பேச்சு மொழியில், கடித மொழியில், கெஞ்சலாகக்கூட. அசையவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்கள். மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அவள் காத்திருக்கிறாள்.