புள்ளிக்குப் பின்னால் வந்தவர்

1994ஆம் ஆண்டு மார்ச்சில், இறால் பவுண்டு மூன்றரை டாலருக்கு விற்ற வாரத்தின் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஹெரன் பாயிண்ட் ஊருக்குள் ஓர் ஆளின் பத்தில் ஆறு பங்கு வேலை தேடி வந்து சேர்ந்தது. தலை, கழுத்து, மார்பு, வயிறு, இடுப்பு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தொடைப் பக்கம் வந்ததும் ஆள் முடிந்துபோயிருந்தார். ரத்தம் இல்லை, காயம் இல்லை. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் டெக்சஸ் காற்று இருந்தது. அதன்மேல் அவர் மற்ற எவரையும்போல ஐந்தடி பத்தங்குல உயரத்தில் நின்றார். முழுக்கைச் சட்டை போட்டு, தலையை ஈரத்தோடு வாரியிருந்தார். காலணிக் கடைக்காரர் மட்டும் லேசாக முகம் சுளித்தார். மற்றபடி ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் அரசு மையம் எங்கள் ஊரிலிருந்து நான்கு மைலில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்தால் ராக்கெட் எந்தப் பக்கம் கிளம்பும் என்று வானத்தைப் பார்ப்பார்கள். இங்கிருந்து ஒன்றும் கிளம்பியதில்லை, கிளம்புவதெல்லாம் ஃபுளோரிடாவில். எங்கள் பக்கத்தில் நடப்பது மேலே போனவர்களோடு பேசுவது. அந்தக் காற்று பட்டோ என்னவோ, எங்களுக்கும் பேச்சு அதிகம். மையத்தால் வட்டாரத்துக்கு என்னென்ன நன்மை என்று வணிகர் சங்கம் ஆண்டுதோறும் கணக்கிட்டு, மார்ச் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் ஏரிக்கரை ஓட்டலில் காலை உணவோடு அறிவிக்கும். அறிக்கை எண்பது பக்கம். அதில் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும். மற்ற எழுபத்தொன்பதை அச்சடித்தவரும் படித்ததில்லை. அந்த ஆண்டு, மையத்தால் ஹெரன் பாயிண்டில் உண்டான வேலைகள் 11,408.6 என்று அச்சாகியிருந்தது. முழு எண்ணாக மாற்ற யாரோ மறந்துவிட்டார்கள். பதினோராயிரத்து நானூற்றெட்டுப் பேர் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள். புள்ளிக்குப் பின்னால் இருந்தவர் திங்கட்கிழமை வந்தார்.

அந்த எண் பிறக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் சங்கம் ஒவ்வொரு கடைக்கும் ஒரு படிவம் அனுப்பும். அதில் ஒரே கேள்வி: உங்கள் தொழிலில் எத்தனை சதவீதம் மையத்தால் நடக்கிறது? நாங்கள் எல்லோரும் நூறு என்று எழுதுவோம். நூறு எழுதியவர்களுக்கு விண்வெளி வீரர் உருவம் பொறித்த பித்தளைப் பலகை ஒன்று கிடைக்கும். பல் மருத்துவர் நூறு எழுதினார். கழிவுத் தொட்டி சுத்தம் செய்பவர், நாய்க்கு முடி வெட்டுபவர், பிணத்துக்குப் பெட்டி செய்பவர் எல்லோரும் நூறு எழுதினார்கள். ஊர்ப் பத்திரிகையான நாங்களும்தான். புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்க்கும் ஒருவர் ஒரு முறை தொண்ணூற்றைந்து என்று எழுதிவிட்டார். அந்த வருட விருந்தில் அவருக்குச் சமையலறைக் கதவோரம் இடம் போட்டார்கள். அடுத்த கோடையில் அவர் வேறு ஊருக்குக் குடிபோனார்.

பத்தில் ஆறு பங்கு ஆளுக்கு நாலு இடத்தில் வேலை இல்லை என்றார்கள். ஐந்தாவது இடம் ஓடெல் ஃபாண்டனோவின் காலை உணவுக் கடை. ஓடெல் இந்த ஊர் இறால் படகுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு லூசியானாவிலிருந்து வந்தவள். படகுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகியிருந்தது. கடையின் கூரைமேல் பதினான்கடி உயர ஒட்டுப்பலகை ராக்கெட் ஒன்று நின்றது, ஊரில் எல்லாக் கூரையிலும் நிற்பதுபோல. அவள் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். இறங்கும் பார்வை சீக்கிரமே முடிந்துவிட்டது.

“கவுண்ட்டருக்குப் பின்னாடி நின்னா எனக்கும் பாதி உடம்புதான் தெரியும். காபி ஊத்தத் தெரியுமா?”

“தெரியும் மேடம். உக்காரத்தான் தெரியாது.”

“நல்லதாப் போச்சு. உக்கார்ற ஆளுங்கதான் இந்த ஊர்ல அதிகம்.”

பெயர் கேட்டதற்கு, அறிக்கையில் பெயர் எதுவும் போடவில்லை என்றார். ஊர் அவரைப் புள்ளி ஆறு என்று கூப்பிட்டது. பிற்பாடு அவர் அளவு மாறியபோதும் பெயர் மாறவில்லை.

அளவு மாறத்தான் செய்தது. அதற்குப் பிறகு எந்த ஆண்டும் எண்ணை முழுதாக்கச் சங்கத்துக்குத் துணிவு வரவில்லை. உயிரோடு நடமாடும் ஆளை, நடமாடும் என்று சொல்ல முடியாவிட்டாலும், எப்படி வெட்டுவது? 1996இல் புள்ளி ஏழு வந்தது, முழங்கால் தொடங்கியது. 1998இல் புள்ளி எட்டு. வீட்டுத் தரகர்கள் விலை சொல்வதற்கு முன்னால் ஓடெல் கடைக்கு வந்து கவுண்ட்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். வங்கி மேலாளர் ஒரே ஒரு முட்டை வாங்கித் தின்றுகொண்டே அவருடைய கெண்டைக்காலை ஆராய்ந்துவிட்டுக் கடன் வட்டியை முடிவு செய்தார். 1999இல் புள்ளி ஒன்பது. கணுக்கால் வரப்போகிறது என்று ஓடெல் சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடி வாங்கி அலமாரியில் வைத்தாள். அந்த வருட இலையுதிர் காலத்தில் மாதாகோயில் கூடத்தில் இருவரும் நடனம் ஆடினார்கள். தன் கட்டைவிரலை மிதிக்காமல் ஆடிய முதல் ஆண் அவர்தான் என்று ஓடெல் பலரிடம் சொன்னாள். கல்யாண உரிமம் கேட்டுப் போனபோது, ஒன்றுக்குக் குறைந்த ஆளுக்கு ஏற்ற படிவம் தங்களிடம் இல்லை என்று அலுவலகத்தில் மரியாதையாகச் சொன்னார்கள். முழு ஆளோடு ஒரு தடவை இருந்து பார்த்தாகிவிட்டது, அவசரம் இல்லை என்று ஓடெலும் மரியாதையாகவே சொல்லிவிட்டு வந்தாள். காலுறை அலமாரியிலேயே இருந்தது.

2008இல் புயல் வந்தது. ஓடெல் கடை ராக்கெட் கூரையிலிருந்து பறந்து மூன்று தெரு தள்ளி பாப்டிஸ்ட் ஆலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. எங்கள் ஊரிலிருந்து பறந்த ஒரே ராக்கெட் அதுதான். அதைத் தூக்கி மறுபடி நிறுத்தினார்கள். அடுத்த மார்ச்சில் அறிக்கை புள்ளி மூன்று என்றது. மார்போடு ஆள் நின்றுபோனார், முழங்கைக்குக் கீழே கை இல்லை. காபிக் குடுவையை ஓடெல் தூக்கிக்கொள்ள, அவர் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொன்னார். 2011 ஜூலையில் கடைசி விண்கலம் தரையிறங்கியது. மையத்தின் வாசலில் மூவாயிரம் பேர் வேலை இழந்து அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார்கள். அடுத்த அறிக்கையில் புள்ளி ஒன்று. தலை மட்டும் காபி இயந்திரத்துக்கு மேலே, பழைய உயரத்தில், தலை வாரியபடி நின்றது. மின்விசிறி போட்டால் லேசாக நகர்ந்தது என்பதால் ஓடெல் அந்தக் கோடை முழுவதும் விசிறி போடவில்லை. வாடிக்கையாளர்கள் வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சங்கத் தலைவர் ராய்ஸ் டில்லிங்ஹாம் படகு வியாபாரி. எண் இறங்க இறங்க அறிக்கையின் அட்டை மட்டும் தடித்துக்கொண்டே போகும்படி பார்த்துக்கொண்டவர். 2013இல் அறிக்கைக்குக் கௌரவம் சேர்க்க ஆஸ்டினிலிருந்து கரோலின் வைட்னர் என்ற பொருளாதாரப் பேராசிரியையை வரவழைத்தார். ராய்ஸ் செய்த ஒரே தவறு, உண்மையாகவே கணக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டது. வைட்னர் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை ஓடெல் கடையில் இறாலும் சோளக்கஞ்சியும் சாப்பிட்டு முடித்து, தலையைப் பார்த்தார், ஓடெலைப் பார்த்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த வருஷம் எட்டாயிரத்து எழுநூத்து முப்பத்தொண்ணு. புள்ளி எதுவும் வரலைங்க. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஓடெல் அடுப்பை அணைத்தாள். “சும்மா ஒரு அஞ்சைப் புள்ளிக்குப் பின்னால போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? இந்த ஊர் போடாத பொய்யா?”

“நானாப் போடுறது எதுவும் இல்ல. நீங்க எல்லாரும் எழுதிக் குடுக்கிறதைத்தான் பெருக்கிக் கூட்டுறேன். நீங்களும் நூறுன்னுதான் எழுதியிருக்கீங்க. அதான் மையம் எறங்கினா இவரும் எறங்குறாரு.” வைட்னர் கடையைச் சுற்றிப் பார்த்தார். “ஆமா, இங்க மையத்து ஆளு யாரு சாப்பிடுறாங்க?”

ஓடெல் பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாகத் தன் கடையைப் பார்த்தாள். ஜன்னலோரம் இறால் படகுக்காரர்கள் நாலு பேர். அடுத்த மேசையில் எண்ணெய் ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்கள் மூவர். மையத்துப் பொறியாளர்கள் யாரும் இல்லை. அவர்கள் பெயர் எழுதி ஒட்டிய டப்பாவில் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். சுவரில் ஒரு விண்வெளி வீரரின் படம் மாட்டியிருந்தது. அவர் 1997இல் ஒரு முறை வந்தார், கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

“தண்ணி குடிச்சாரு, ஓடெல்,” என்றது தலை, நியாயமாக. “அதையும் சொல்லிடு.”

“தண்ணிக்கு நான் காசு வாங்கலையே.” ஓடெல் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். பேனாவை எடுத்தவள் நின்றாள். “சைபர்னு எழுதினா இவர் அறிக்கையிலயே இருக்க மாட்டாரு. அப்போ இவருக்கு என்ன ஆகும்?”

“தெரியலைங்க. அறிக்கையில இல்லாத ஆளைப் பத்தி நாங்க படிச்சதே இல்ல.”

“புள்ளிக்குப் பின்னாலயே இருந்து பாத்தாச்சு. வெளிய எப்படின்னுதான் பாப்பமே,” என்றது தலை.

ஓடெல் நூறை அடித்து, பக்கத்தில் ஒரு சைபர் போட்டாள். வட்டம் சரியாக மூடவில்லை என்று திரும்ப ஒரு தடவை அதன்மேலேயே எழுதினாள்.

பகல் உணவுக்குள் ராய்ஸ் வந்துவிட்டார். அவரும் ஓடெலின் கணவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவருடைய படகுகளை வாங்குகிறவர்கள் ஆலை மேலாளர்களும் ஹூஸ்டன் வக்கீல்களும்தான் என்பது ஏரியில் மிதக்கும் எல்லோருக்கும் தெரியும். அவரும் நூறுதான் எழுதுவார்.

“நீ சைபர்னு எழுதினா நாளைக்கு ஆளாளுக்கு எழுதுவாங்க. அப்புறம் இந்த ஊருன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, ஓடெல்?”

“மீன் பிடிக்க, ராய்ஸ். அதுக்குத்தான் மொதல்ல வந்தாங்க.”

“பலகையைத் திருப்பிக் குடுக்கணும், தெரியும்ல.”

“அந்தா, உப்பு டப்பா பக்கத்துல இருக்கு. கூரைமேல இருக்கிற ராக்கெட்டையும் ஏத்திக்கிட்டுப் போ. ஒழுகுது.”

ராய்ஸ் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டார். மார்ச் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஏரிக்கரை ஓட்டலில், ஓடெலைக் கழித்து எட்டாயிரத்து எழுநூற்று முப்பது என்ற எண்ணை, சென்ற ஆண்டைவிடக் குறைவு என்பதைச் சொல்லாமல், வெண்கலக் குரலில் வாசித்தார். எழுந்து நின்று கை தட்டினோம். ஓடெலுக்கு அழைப்பு இல்லை. அவள் அன்று கடையை மூடிவிட்டு, காபி இயந்திரத்துக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தலையோடு பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் கடையைத் திறந்தபோது இயந்திரத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. இனி பயம் இல்லை என்பதால், ஓடெல் மின்விசிறியைப் போட்டாள். காபி வைத்தாள். படகுக்காரர்கள் வந்து உட்கார்ந்து, மேலே பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்கள். அப்போது சரக்கு அறையிலிருந்து, அந்தக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கேட்காத ஒரு சத்தம் வந்தது. வெறுங்காலோடு யாரோ தரையில் தட்டுத் தடுமாறி நடக்கும் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு, மாவு மூட்டைச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவர் வாசல்படிவரை வந்தார்.

“ஓடெல், தரை இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே.”

ஓடெல் அலமாரியைத் திறந்து, 1999இல் வாங்கிய காலுறையை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, அவளே போட்டுவிட்டாள். இடது காலுறையைப் பூச்சி கொஞ்சம் அரித்திருந்தது. ஏப்ரலில் உரிமம் கிடைத்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவர் ஃபாண்டனோ என்று எழுதினார். அவருக்கு நடனம்தான் மறந்துபோய்விட்டது. இப்போது மிதிக்கிறார்.

அதைப் பார்த்தும் ஊரில் வேறு யாரும் சைபர் எழுதவில்லை. பலகையை இழக்க யாருக்கு மனம் வரும்? எண் வருடா வருடம் நாகரிகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. கழிக்கப் புள்ளிக்குப் பின்னால் இப்போது ஆள் இல்லாததால், இறக்கம் புள்ளிக்கு முன்னால் இருப்பவர்களிடையே சமமாகப் பங்கிடப்படுகிறது. ராய்ஸ் டில்லிங்ஹாம் பேசி முடித்ததும் கீழே இறங்கிக் கை குலுக்குவதை 2015இல் நிறுத்திக்கொண்டார். பேச்சு மேசைக்குப் பின்னால் அவர் முன்பைவிட உறுதியாக நிற்கிறார் என்றே எல்லோரும் சொல்கிறோம். ஏரிக்கரை ஓட்டலில் தரையைத் தொடும் மேசை விரிப்புகள் வாங்கிவிட்டார்கள். காலணிக் கடை போன வருடம் மூடப்பட்டது. ஃபாண்டனோ தம்பதி ஹூஸ்டன் போய் வாங்கிக்கொள்கிறார்கள். இதை எழுதும் நாங்களும் இந்த ஜனவரியில் நூறு என்றுதான் எழுதிக் கொடுத்தோம். மேசைக்குக் கீழே குனிந்து பார்க்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.