மெஷின் நின்னுபோச்சுன்னு ஒரு வரி

காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் வெளியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அம்பிகா மேசையில் உட்கார்ந்தபடியே தள்ளும்படி சைகை காட்டினாள். உள்ளே வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கருநீலப் புடவையை ஏனோதானோவென்று சுற்றியிருந்தாள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் கால்கள் வீங்கியிருந்தன. இடுப்போடு அணைத்திருந்த துணிப்பைக்குள் சதுரமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"காவியான்னு ஒரு பிள்ள இங்கன வேல பாக்குதுல்லா? அதப் பாக்கணும். லூர்துமேரி வந்திருக்கேன்னு சொல்லுங்க."

காவியா என்று அங்கே யாரும் இல்லை. போனில் பேசுவதற்காகக் கம்பெனி அம்பிகாவுக்குக் கொடுத்திருந்த பெயர் அது.

"காவியா வேலைய வுட்டுப் போயிட்டாங்களேங்க" என்றாள். "என்ன விசயம்னு எங்கிட்ட சொல்லுங்க." போனில் பேசும்போது செய்தி வாசிப்பவர்களைப் போல ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பேசப் பழக்கியிருந்தார்கள். இப்போது வேண்டுமென்றே தன் கடத்தூர்ப் பேச்சில் பேசினாள். லூர்துமேரிக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை.

தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற சாலையில், முன்பு மாங்கூழ் டின்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. படகுகளுக்குத் திசை காட்டுகிற ஜி.பி.எஸ். கருவிகளை ஓசூரில் செய்து கடற்கரை ஊர்களில் விற்கிற கம்பெனி, பழுதாகிற கருவிகளைப் பார்ப்பதற்கு இந்த இடத்தைப் பிடித்திருந்தது. வாடகை குறைவு, காற்றில் உப்பும் இல்லை. கடலூரிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் கூரியரில் பெட்டிகள் வரும். உள்ளறையில் வீரமணி அவற்றைத் திறந்து பார்ப்பார். அம்பிகா வெளியறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள், கணினியில் பதிவு செய்வாள். "தர்மபுரியில ஏதும்மா கடல்?" என்று கேட்டுச் சிரிக்காத மீனவர் யாரும் இல்லை. அவளும் கூடச் சிரிப்பாள். நான்கு வருடங்களில் அவள் நன்றாகத் தேறியிருந்தாள். வாரண்டியில் வராது என்ற செய்தியைக் கேட்டவர்கள்கூடக் கடைசியில் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லித்தான் போனை வைப்பார்கள். ஓசூரிலிருந்து அதற்காகப் பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் அங்கேயே சூப்பர்வைசராகப் போக இருந்தாள். புருஷனை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. அண்ணி அவள் தட்டில் சோறு போடும்போது கரண்டியைச் சட்டியில் தட்டுகிற சத்தம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வந்தது. ஓசூரில் ஒரு அறை பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள்.

லூர்துமேரியின் கருவி போன மே மாதம் வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் பெட்டிகள் மலையாகக் குவியும். இது வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திரை திடீர் திடீரென்று அணைந்துபோகிறது என்று எழுதியிருந்தார்கள். வீரமணி திறந்து பார்த்துவிட்டு ஜாப் கார்டில் பச்சை மையில் எழுதினார்: 'பின்மூடி ரப்பர் தரமில்லை. தண்ணீர் உள்ளே போகிறது. இந்த மாடலில் இது பதினோராவது. ரப்பர் மாற்றாமல் கடலுக்கு அனுப்பக் கூடாது.' அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அம்பிகா மேலாளர் அருள்குமாரிடம் போனாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல ரப்பருக்கு எங்க போறது? ஓசூர்லயே இல்ல. காய வெச்சு, பசை தடவி அனுப்பச் சொல்லு. சிஸ்டத்துல வழக்கமா போடறதப் போட்டுடு." வழக்கமாகப் போடுவது இதுதான்: 'பயன்படுத்துபவரின் கவனக்குறைவால் நீர் புகுந்தது.' அம்பிகா தட்டினாள். கீழே அவள் பெயரும் நேரமும் தானாக விழுந்தன.

அந்த நாட்களில் லூர்துமேரி மூன்று நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவாள். அவள் புருஷன் இன்னாசிக்கு ஆபீஸ்காரர்களிடம் பேச வராதாம். அம்பிகா எரிச்சல்படாமல் பேசினாள். லூர்துமேரி அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்பாள், தலைவலி என்றால் கஷாயம் சொல்வாள். கருவியைத் திருப்பி அனுப்பிய அன்று, வாரண்டியில் வராவிட்டாலும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்திருப்பதாக அம்பிகா சொன்னாள். "இனி உங்கள் கணவர் தைரியமாகக் கடலுக்குப் போகலாம் அம்மா" என்றாள். அது யாரும் சொல்லச் சொன்ன வாக்கியமில்லை. அழைப்பு இனிமையாக முடியட்டும் என்று அவளாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது அந்தக் கருவியை லூர்துமேரி பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கண்ணாடி குறுக்கே பிளந்திருந்தது. ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஆகஸ்ட்ல அவிய இறந்துட்டாவ" என்றாள். அழவில்லை, பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னாள். மழையில் கரைக்குத் திரும்பும்போது, உள்ளே நுழைகிற வாய்க்கால் ஓரம் அலையைத் தடுக்கப் போட்டிருந்த கல் வளைவில் படகு மோதியது. கூட இருந்த இரண்டு பேரும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். தூக்கியெறியப்பட்டு நீந்திப் பிழைத்தார்கள். இன்னாசிக்குக் கல்லில் தலை அடிபட்டது.

"ஊர்ல எல்லாரும் அவிய குடிச்சிட்டு ஓட்டுனாவன்னு சொல்லுதாவ. முந்தி குடிப்பாவதான், இல்லேங்கல. ரெண்டு வருசமா தொடல. மாதாகிட்ட சத்தியம் பண்ணி வுட்டாவ. அந்த வாய்க்காலு வழி மெஷின்ல கோடு போட்டு வச்சிருப்பாவ, அதப் பாத்துதான் உள்ள வருவாவ. மெஷின் அணைஞ்சிருக்கும். எனக்குத் தெரியும். ஆனா மூத்தவன் நம்பமாட்டேங்கான். குடிகாரன் குழிக்கு நான் வந்து மெழுகுதிரி ஏத்தணுமாங்கான். கல்லற திருநாளைக்கும் வரல." புடவைத் தலைப்பால் மேசையில் உதிர்ந்த உப்புத் தூளைத் துடைத்தாள். "நான் காசு கேட்டு வரல தாயி. மெஷின் நின்னுபோச்சுன்னு ஒரு வரி. கம்பெனி சீல் வச்சு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும். அவன்கிட்ட காட்டணும்."

உள்ளறைக் கண்ணாடிக்குப் பின்னால் வீரமணி தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு காற்றூதும் மெஷினை முடுக்கிவிட்டு ஏதோ ஒரு சர்க்யூட் பலகையில் தூசி ஊத ஆரம்பித்தார். அந்த இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்காது.

லூர்துமேரி பையிலிருந்து ஒரு பொட்டலத்தையும் எடுத்தாள். "காவியாவுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டாந்தேன். அந்தப் பிள்ள மட்டுந்தான் எங்கிட்ட மனுசி மாதிரி பேசுனா. வுட்டுப் போயிட்டாளாக்கும். நீங்க எடுத்துக்கிடுங்க."

அம்பிகா அதை வாங்கி இழுப்பறைக்குள் வைத்தாள்.

அருள்குமார் அறைக்குள் அவள் விஷயத்தைச் சொன்னபோது அவர் உட்காரச் சொல்லவில்லை. "செத்துப்போனது நம்ம மெஷின்னாலன்னு எழுதிக் குடுத்தா அந்தப் பேப்பரு நாளைக்குக் கோர்ட்டுல நிக்கும். அதெல்லாம் வேணாம். ஷெல்புல புது செட்டு இருக்குதில்ல, பாவப்பட்டுக் குடுத்ததா ஒண்ணு குடுத்துடு. கம்பெனி மேல புகார் ஒண்ணும் இல்லன்னு ஒரு கையெழுத்து வாங்கிக்க. பக்குவமாப் பேசு, உனக்கா சொல்லணும்." அவள் திரும்பியபோது கேட்டார். "ஃபைல்ல வேற ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க சார்" என்றாள் அம்பிகா.

அவர் நம்பினாரா, நம்ப விரும்பினாரா தெரியவில்லை. அவள் ஆவண அலமாரிக்குப் போய் மே மாதக் கட்டைப் பிரித்தாள். பச்சை மையில் வீரமணியின் எழுத்து அப்படியே இருந்தது. அந்தப் பெண் கேட்ட ஒரு வரிக்குப் பதில் நான்கு வரிகள். இது வெளியே போனால் அடுத்த கேள்வி, அப்படியானால் கணினியில் வேறு மாதிரி தட்டியது யார் என்பதுதான். அங்கே அருள்குமாரின் பெயர் இல்லை. அவள் அட்டையை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

புது செட்டின் பெட்டியை எடுத்தபோது அதன் பக்கவாட்டு எண்ணைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். நான்கு வருடப் பழக்கம், கண் தானாகவே போய்விட்டது. அதே வரிசை, அதே ரப்பர்.

லூர்துமேரி பெட்டியைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். மூத்தவன் படகைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான், வரும் வாரம் முதல் கடலுக்குப் போகிறான், புதிதாக ஒன்று வாங்க வழியில்லாமல் இருந்தது என்றாள். பிறகு நினைவு வந்தவளாகக் கேட்டாள். "அந்தப் பேப்பரு?"

அம்பிகா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ வரவழைத்திருந்தாள். "அக்கா, அப்படி எழுதிக் குடுக்க முடியாதுங்களாம். மெஷின டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் சொல்ல முடியுமுன்னு சொல்றாங்க. இது ஒடஞ்சு போச்சுங்க, இனி பாக்க முடியாது."

"போன தரம் இங்கனதான வந்துச்சு. அப்பம் பாத்தீயள்ளா? அதுல ஒண்ணும் எழுதலயா?"

அம்பிகா டீக் கிளாசை அவள் பக்கம் நகர்த்தினாள். "எல்லாம் சரி பண்ணித்தாங்க அனுப்பிச்சிருக்குது."

லூர்துமேரி கிளாசைத் தொடவில்லை. டீயில் ஆடை படிந்தது. அவள் மெல்லக் குனிந்து, பக்கத்தில் வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு தாயி. நீ மெஷின் விசயம் தெரிஞ்ச பிள்ள. அந்த மெஷினு அன்னிக்கு நின்னிருக்குமா, நின்னிருக்காதா?"

உள்ளே காற்றூதும் மெஷின் நின்றது. அம்பிகா கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. 'தெரியலீங்க' என்று சொல்லலாம் என்று நினைத்தாள். அப்படிச் சொன்னால் இவள் மறுபடியும் வருவாள், வேறு யாரையாவது கேட்பாள், கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவாள்.

"மெஷின்ல கோளாறு எதுவும் இருந்திருக்காதுங்க அக்கா" என்றாள்.

தன் குரல் அவளுக்கே கேட்டது. கடத்தூர்ப் பேச்சுதான். ஆனால் காவியாவின் மென்மை அதில் இருந்தது. கேட்பவர் நம்பிவிடுகிற மென்மை.

லூர்துமேரி தலையாட்டினாள். ஒரு தடவை ஆட்ட ஆரம்பித்ததை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அப்பம் குடிச்சிருக்காவ" என்றாள். "மாதா மேல சத்தியம் பண்ணிட்டு. என்னய ஏமாத்தியிருக்காவ." பேனாவை அவளாகவே எடுத்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். ஊர், தேதி எல்லாம் எழுதினாள். உடைந்த கருவியை என்ன செய்வது என்று அம்பிகா கேட்டபோது, "இனி எனக்கெதுக்கு அது? குப்பையில போடுங்க" என்றாள். அதை அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள்.

அவளைப் பஸ் ஏற்றிவிடும்படி அருள்குமார் சொல்லியனுப்பினார். சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் அம்பிகா பையையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கூடவே போனாள். வழியில் லூர்துமேரி எதையும் பார்க்கவில்லை. நான்குமுனைச் சாலை நெரிசலில் ஆட்டோ நின்றபோது அம்பிகா சொன்னாள். "அக்கா, மழ பேஞ்சா அந்த செட்டு மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி வெக்கச் சொல்லுங்க உங்க பையன. மறந்துடாதீங்க."

லூர்துமேரி முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "கடல்ல போற மெஷினுக்கு மழ ஆவாதா?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்குங்க."

"சரி தாயி. சொல்லுதேன்."

பஸ் நிலையத்தில் சேலம் வண்டி நின்றிருந்தது. லூர்துமேரி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். தன் போனில் காசு தீர்ந்துவிட்டது, ஒரு கால் பேசிக்கொள்கிறேன் என்று அம்பிகாவின் போனைக் கேட்டு வாங்கினாள். அம்பிகா ஜன்னலுக்குக் கீழே நின்றாள். பையில் டிபன் டப்பா சூடாகத் தொடையில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் அட்டை இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். படிக்கக்கூட வேண்டாம், ஜன்னல் வழியாக நீட்டினால் போதும்.

"மக்கா, அம்மைதான் பேசுதேன்" என்றாள் லூர்துமேரி. மறுமுனையில் மூத்தவன். "புது மெஷின் குடுத்திருக்காவ. ஆமா, சும்மாதான். நல்ல மனுசங்க. கேளு மக்கா, மெஷின்ல ஒரு கொறையும் இல்லயாம். பாத்துச் சொல்லிட்டாவ. நீ சொன்னதுதான் சரி. நீ அப்பா குழிக்குப் போவாண்டாம். நானும் இனி போவல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அழாதல. அழாத. அம்மை வந்துட்டேன்."

போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "போயிட்டு வாரேன் தாயி. அந்தக் காவியாவ எங்கயாச்சும் பாத்தா, நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேங்க" என்றாள் அம்பிகா. அவளுடைய வலது கை பைக்குள் போயிருந்தது. விரலில் மடித்த அட்டையின் முனை பட்டது. நடத்துனர் விசிலடித்தார். பஸ் கிளம்பி வாசலைத் தாண்டியது. அம்பிகா மூச்சை விட்டாள், கையை வெளியே எடுத்தாள்.

ஆனால் பஸ் போகவில்லை. சீட்டு நிரம்பாததால் நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு "சேலம், சேலம், சேலம்" என்று கூவ, வெளியே ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் அதே இடத்துக்கு வந்து ஊர்ந்தது. அதே ஜன்னல் அவள் முன்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. லூர்துமேரி பெட்டியின் மேல் முகவாயை வைத்திருந்தாள். அம்பிகா இன்னும் நிற்பதைக் கண்டதும், தனக்காகத்தான் இவ்வளவு நேரம் வெயிலில் காத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டவளைப் போல முகம் மலர்ந்து, கம்பிகளுக்கு வெளியே கையை முழுக்க நீட்டினாள்.