போயிட்டு வா என்று சொல்லி அனுப்பிய பெட்டிகள்

பார்சலம்மா கடையிலிருந்து வெளியே போன பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்தன. காற்று அடித்துக்கொண்டு வரவில்லை, யாரும் கொண்டுவந்து கொட்டவும் இல்லை. தாமாகவே, ரோட்டின் இடது ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்து கடை வாசலில் வரிசையாக நின்றன. பலவற்றில் பாசி படிந்திருந்தது, சிலவற்றை மாடு கடித்திருந்தது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, வரிசை கடந்து போகும்வரை நின்றுவிட்டு, பிறகு ஏறிப் போனார். அன்று தக்காளி விலை ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. அந்தக் கடையில் புருஷன் சமைப்பார், அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பெண்டாட்டி பார்சல் கட்டுவாள், அதனால் பார்சலம்மா. கட்டி முடித்ததும் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்காது. பெட்டியைப் பார்த்தே "போயிட்டு வா" என்பாள். யாரையும் வெறுமனே "போ" என்று அனுப்புகிற வாய் இல்லை அவளுக்கு. கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி அனுப்பினாள். மனிதர்களில் பாதிப் பேர் அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதில்லை. பெட்டிகள் காப்பாற்றின.

குப்பை வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றியவை மறுநாள் இன்னும் களைத்துப்போய் வந்து நின்றன. மாடிப்படி, கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று எங்கும் பெட்டிதான். சுகாதார அதிகாரி வந்தார். கால் வைக்க இடம் தேடி, கடைசியில் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"என்னம்மா இது?"

"போனதெல்லாம் வருது சார்."

"பழசு வந்தா வரட்டும், அது உன் தலையெழுத்து. ஆனா மழைக்காலம் முடியறப்ப வந்து பார்ப்பேன். இனிமே குடுக்கற பெட்டி ஒண்ணுகூட இங்க வந்து நிக்கக் கூடாது. நின்னா கடைக்குப் பூட்டு."

கீழே அடுப்பு, மாடியில் படுக்கை. பூட்டு விழுந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் விழும்.

மாஸ்டர் ஒரு வழி சொன்னார். "'வா'ங்கற வார்த்தையை விட்டுடு. 'போ'ன்னு மட்டும் சொல்லேன்." ஒரு வாரம் அப்படியே சொன்னாள். பெட்டிகள் வரவில்லை. வாடிக்கையும் வரவில்லை. கடை திறந்ததிலிருந்து அங்கேயே சாப்பிட்ட தையல்காரர் எதிர்ப்பக்கமாக, தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனார். எட்டாம் நாள் பார்சலம்மா பழையபடி "போயிட்டு வா"வுக்கே திரும்பினாள். பேச்சை மாற்ற முடியாது, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

அவளுடைய கூடப்பிறந்த தம்பிக்குப் பெட்டி விற்கிற வேலை. தோள்பையோடு வந்து, இலைப்படம் போட்ட காகிதப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். அந்தக் காலத்தில் எதை எடுத்தாலும் ஒரு பச்சை இலையை அச்சடித்துவிட்டார்கள். இலை அச்சடிக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை.

"அக்கா, இது மக்கும்."

"உன்னையும்தான் வாத்தியார் மக்குன்னு சொன்னாரு. மக்குனியா நீ?"

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இருந்தாலும் தம்பியாயிற்றே என்று வாங்கினார்கள். சில வாரம் கழித்துக் காகிதம் மண்ணோடு போயிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலம் மட்டும், பாம்புச் சட்டை மாதிரி நெளிந்துகொண்டு, பெட்டியின் நாலு மூலையும் கலையாமல் வாசலுக்கு வந்தது. "அது வேற கடையோடதுக்கா" என்றான் தம்பி. அடுத்து, தானாகவே உதிர்ந்துபோகும் என்று ஒரு பையைக் கொடுத்தான். உதிர்ந்துதான் போனது. உதிர்ந்த துணுக்கெல்லாம் எறும்புச் சாரியாகத் திரும்பி வந்தது, பெருக்கி மாளவில்லை. மூன்றாவதாக, சோளத்தில் செய்தது என்று கண்ணாடி போன்ற கிண்ணங்கள். அவை கூன் விழுந்து, வெட்கப்பட்டுக்கொண்டு வந்தன. பூதக்கண்ணாடி வைத்து அடியில் பார்த்தால், பெரிய உரத் தொழிற்சாலையின் சூட்டில் மட்டுமே மக்கும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு தொழிற்சாலையே கிடையாது. கிண்ணம் பாவம், எங்கே போய் மக்கும்?

பார்சலம்மா கிண்ணத்தைத் தம்பி முன்னால் தள்ளினாள். "என் கடைக்குப் பூட்டுப் போட என் கூடப்பிறந்தவன்தான் கிடைச்சானா? போ."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். தம்பி போய்விட்டான். அவள் "போ" என்று அனுப்பியது எதுவும் வந்ததில்லை என்று அவளுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். கரண்டியைக் கையில் பிடித்தபடியே மாஸ்டர் ஓடினார். தெருமுனையில் கிளம்பிவிட்ட பஸ்ஸின் ஜன்னலைத் தட்டி, "போயிட்டு வா மாப்ளே" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தம்பி ஆட்டினானா என்று அவருக்குத் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கூன்விழுந்த கிண்ணங்கள் தினம் சில வந்துகொண்டிருந்தன. மழை பாதி பெய்து முடிந்த ஒரு நாள், தம்பி ஒரு பூந்தொட்டியோடு வந்து நின்றான். இந்தத் தடவை மக்கும் என்று வாயைத் திறக்கவில்லை. தொட்டியை வாசலில் கவிழ்த்தான். கரும்புச் சக்கைப் பெட்டி ஒன்றை அதில் புதைத்து வைத்திருந்தானாம், விளிம்பில் ஒரு விரலகலம்தான் மிச்சம் இருந்தது.

"உள்ள என்னடா பூசியிருக்கு?"

"ஒண்ணும் பூசலைக்கா. செய்யற இடத்துக்கே போய்க் கேட்டேன். நின்னு பார்த்தேன். அப்புறமும் நம்பலை, புதைச்சுப் பார்த்தேன்."

தம்பியின் பையில் அதே சக்கையில் செய்த இரண்டு வகைப் பெட்டிகள் இருந்தன. மாஸ்டர் அவற்றில் கொதிக்கிற குழம்பை ஊற்றி மூடி, தூரத்து வாடிக்கை வீட்டுக்குப் போய்ச் சேருகிற நேரம் வரைக்கும் அப்படியே வைத்தார். தனி மூடி போட்டது ஒழுகியது, அதைத் தள்ளிவிட்டார்கள். மூடியும் பெட்டியும் ஒன்றாய் மடிகிற வகைக்கு அடி லேசாய் வியர்த்தது, ஆனால் தாங்கியது. அதிலும் கொஞ்சமாய்த்தான் வாங்கினாள். அன்று தம்பியை மூன்று தடவை "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினாள்.

மழை நின்ற மறுநாள் அதிகாரி வந்தார். கூன்விழுந்த கிண்ணங்களும் வந்து ஓய்ந்திருந்தன, வாசல் காலியாக இருந்தது. மாஸ்டர் பெருமூச்சு விட்டார். பார்சலம்மாவுக்கு மட்டும் முகம் வாடியது. "வான்னு சொல்லித்தானே அனுப்புனேன். புதுப் பெட்டி ஒண்ணுகூட வரலையே" என்றாள், பூட்டுப் போட வந்தவரிடமே.

அதிகாரி காலை நகர்த்தினார். செருப்பு மெத்தென்று புதைந்தது. வாசற்படியின் ஓரம் முழுக்கக் கருப்பாய், ஈரமாய், பெட்டி அளவுக்குச் சின்னச் சின்ன மண் குவியல்கள் வரிசையில் நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளி முளை.

"வந்திருக்கும்மா" என்றார் அதிகாரி. குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். "மண்ணு வரக் கூடாதுன்னு சட்டம் இல்லை." அப்படியே உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பழைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அடியில் ஓட்டை போட்டு, அந்த மண்ணை நிரப்பி, முளைகளைப் பிடுங்கி அதில் நட்டார்கள். மாடிப்படி முழுக்க இப்போது தக்காளிதான். சந்தையில் விலை ஏறினாலும் மாஸ்டர் காதில் வாங்குவதில்லை. பழசு இன்னும் எப்போதாவது வரும், கடல் வரை போய்வந்தது உப்புப் பூத்துக்கொண்டு வரும். வந்தால் கழுவி ஒரு செடி வைப்பார்கள். போன வாரம் ஒரு மூடி மட்டும் வந்தது. அதன் பெட்டி இன்னும் வழியில் இருக்கிறது. படியில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.