பழசைக் கையில் கொடுத்த பட்டறை

கிழக்கு வெளுக்கும் நேரத்துக்கு ஐஸ் கம்பெனியின் இரும்புக் கதவு பாதி திறந்தது. உள்ளேயிருந்து வந்த குளிர் முகத்தில் அறைந்தது. ஐஸ்காரி கோணியை இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கொக்கியை எடுத்தாள். கொக்கியால் ஐஸ் பாளத்தைக் கொத்தி, பலகைச் சரிவில் இழுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து வண்டிக்குள் தள்ளவேண்டும். ஐந்தாவது பாளத்தில் விரல்கள் தன்னுடையவையா என்று சந்தேகம் வந்துவிடும். பத்தாவதில் இடுப்பு அழ ஆரம்பிக்கும். அவள் இருபது பாளம் ஏற்றினாள். ஒன்பது நாளாக யாரிடமும் வாயைத் திறக்காமல்தான் ஏற்றுகிறாள்.

கம்பெனிக்கு ஓடும் பன்னிரண்டு வண்டிகளில் பெண் ஓட்டுவது அவளுடையது ஒன்றுதான். கம்பெனி மேட்டில் இருக்கிறது. ஐஸ் போய்ச் சேரவேண்டிய மீன்துறை கீழே பள்ளத்தில். நடுவே ஒரே இறக்கம். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கி அவள் பரம்பரையையே விசாரித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரேக்கை நம்பி இறங்குகிற காலம் முடிந்துவிட்டது.

இறக்கத்தின் பாதியில் தண்ணீர்த் தொட்டியின் மதில். அதில் ஒரு வண்டி அகலத்துக்குச் செங்கல் பெயர்ந்து கிடந்தது. அங்கேதான் அவள் தம்பி போய் மோதினான். கீழே பஸ் நிறுத்தத்தில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த அடுத்த நொடி அவன் ஸ்டியரிங்கை மதில் பக்கம் ஒடித்துவிட்டான். மோதின வேகத்தில் பின்னாலிருந்த பாளங்கள் மொத்தமும் முன்னால் சரிந்து கேபினை நசுக்கின. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"மிதிச்சேன்க்கா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "தரை வரைக்கும் மிதிச்சேன். பெடல் சும்மா போச்சு."

மிதித்த கால் சாட்சி சொல்ல இல்லை. போலீஸ் எழுதிக்கொண்டது வேறு: அளவுக்கு மீறிய பாரம், கண்மண் தெரியாத வேகம், குற்றம் டிரைவருடையது. தம்பி மேல் கேஸ். கால் போனவனை ஜெயிலுக்கும் அனுப்பாமல் ஓயமாட்டோம் என்று கங்கணம் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்தக் கேஸுக்கு முட்டுக் கொடுத்து நின்றவன் பட்டறை முதலாளி. ஐஸ் கம்பெனிக்காரரின் மச்சினன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் பட்டறையில் வண்டியைக் காட்டி, பிரேக் சரியாக இருக்கிறது என்று சீல் வாங்கவேண்டும். சீல் இல்லாத வண்டிக்கு ஒரு துண்டு ஐஸ்கூடக் கிடையாது. பட்டறை வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. வண்டிக்காரர்கள் அதைத் தாண்டக்கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம். வேலை முடிந்ததும் முதலாளியே எழுந்து வருவான். கழற்றின பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுப்பான். "பழசு உங்க சொத்து. எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒளிவுமறைவு கிடையாது." இந்த ஒரு காரியத்தாலேயே ஊரில் அவனுக்கு நாணயஸ்தன் என்று பெயர்.

விபத்துக்கு நான்கு நாள் முன்னால்தான் முதலாளி, தம்பி வண்டிக்குப் புது பிரேக் சிலிண்டர் போட்டதாகச் சொல்லிப் பழசைக் கொடுத்திருந்தான். "புதுசு போட்டேன். பழசைக் கையில குடுத்தேனா இல்லையான்னு அவனையே கேளுங்க" என்றான் போலீஸிடம். தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். கொடுத்தார் என்று சொல்லிவிட்டான். நசுங்கின வண்டியைப் போலீஸ் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியதும் அதே பட்டறையில்தான். திருடனையே காவலுக்கு வைத்த புண்ணியவான்கள்!

அன்று ஐஸை இறக்கிவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கடியில் கிடந்த பேப்பர்ப் பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். தம்பி மனைவி, "எதுக்கு அண்ணி அது?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"அவன் குடுத்ததை அவன் மண்டையிலயே போடப்போறேன்."

வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்த இரும்பு அவன் நெற்றியில் இறங்கும் சத்தம் வழியெல்லாம் அவள் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது.

பட்டறைக்கு எதிரே டீக்கடை. ஐஸ் வண்டிக்காரர்கள் நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள். அவள் வந்த வேகத்தைப் பார்த்து, அவர்களில் வாயாடி என்று பெயரெடுத்தவன் குறுக்கே வந்து நின்றான். பேச ஆள் கிடைக்காவிட்டால் வண்டியோடு பேசுகிற ஜாதி அவன்.

"என்னக்கா மடியில? வீச்சரிவாளா, வெத்தலைப் பெட்டியா?"

"விலகுடா."

அவன் விலகாமல் பொட்டலத்தைப் பிடித்து இழுத்தான். பேப்பர் கிழிந்து சிலிண்டர் பெஞ்சில் உருண்டது. அவன் கிண்டலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், திறந்தபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, உன் தம்பியோடது சின்ன வண்டிதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"சின்ன வண்டிக்கு ஒரு போல்ட்டுதான். இதுல ரெண்டு துளை இருக்கு. இது என் வண்டி மாதிரி பெரிய வண்டியில உட்கார்ற சாமான். உன் தம்பி வண்டியில இதை மாட்டவே முடியாது."

மாட்டவே முடியாத சாமானை எப்படிக் கழற்றினான்? அந்தக் கேள்வி ஒவ்வொருவர் முகத்திலும் ஏறி உட்கார்ந்தது.

"உங்களுக்குக் குடுத்த பழசெல்லாம் எங்கே?" என்று அவள் கேட்டாள்.

ஒருவர் வீட்டிலும் இல்லை. கிரீஸும் கருப்புமாக அதை யார் வீட்டுக்குத் தூக்கிப் போவது? பட்டறை வாசலிலேயே ஒரு டிரம் இருந்தது. அதில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதுதான் எல்லோருக்கும் வழக்கம். பிரித்துப் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

"நம்ம கையாலயே திருப்பிக் குடுத்திருக்கோம்" என்றான் வாயாடி. "அதே இரும்பை ஊருக்கெல்லாம் சுத்திச் சுத்திக் குடுத்திருக்கான். நாமளும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லியிருக்கோம்!"

அவள் சிலிண்டரை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். மஞ்சள் கோட்டையும் தாண்டினாள். முதலாளி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லும்மா."

"இது எந்த வண்டியில கழட்டினது?"

அவன் ஒரு பார்வைதான் பார்த்தான். "இது நான் குடுத்ததே இல்லையே. எங்கேயோ குப்பையில பொறுக்கிட்டு வந்திருக்கே."

"என் தம்பி காலும் குப்பையிலதான் கிடக்கு. அதையும் நான்தான் பொறுக்கிட்டு வரணுமா?"

"வேகமா ஓட்டினது உன் தம்பி. துக்கத்துல பேசறே, பொறுத்துக்கறேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினே, உன் வண்டிக்குச் சீல் கிடையாது. கம்பெனியில ஒரு துண்டு ஐஸ் கிடைக்காது. யோசிச்சுக்கோ."

அவள் கை உயர்ந்தது. அந்த நேரத்தில் உள்ளே வண்டிக்கடியிலிருந்து மேஸ்திரி வெளியே வந்தார். பட்டறையின் தலைமை மெக்கானிக். இருபது வருஷக் கரி அவர் நகக்கண்ணில் இருந்தது. அவள் கையைப் பார்த்தார், அதிலிருந்த சிலிண்டரைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில் ஏதோ இருந்தது. அவள் கையை இறக்கினாள். முதலாளி சிரித்தான். தன்னைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான், பாவம்.

மத்தியானம் பட்டறைக்குப் பின்னால் குழாயடியில் மேஸ்திரி கை கழுவும்போது அவள் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை.

"மாட்டினது யாரு?"

"நான்தான்."

"புதுசா?"

"பழசையே கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடிச்சு, அதே இடத்துல மாட்டினேன். உன் தம்பி வண்டி மட்டும் இல்லை. பன்னண்டு வண்டியிலயும் அதான் இருக்கு. முதல் தடவை முடியாதுன்னேன். முதலாளி வேலையை விட்டுப் போன்னாரு. அப்புறம் பெயிண்ட் அடிக்கறதே எனக்கு வேலையாப் போச்சு."

அவள் அறைந்தாள். குழாயடியில் இருந்த மற்ற மெக்கானிக்குகள் எழுந்தார்கள். மேஸ்திரி கையைக் காட்டி அவர்களை உட்காரவைத்தார். கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை.

"இன்னொன்னு வேணும்னாலும் அடிச்சுக்கோ. ஒன்பது நாளா எனக்குச் சோறு இறங்கலை."

"என் தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கான், இவருக்குச் சோறு இறங்கலையாம்! வந்து போலீஸ்ல சொல்லு."

"நான் ஒருத்தன் போய்ச் சொன்னா, குடிச்சிட்டு உளர்றான்னு முதலாளி என்னை வெளியே தள்ளிடுவாரு. வண்டியில இருக்கறதை ராத்திரியோட ராத்திரியா மாத்திடுவாரு. நீங்க மிச்சம் பதினோரு வண்டியையும் நாளைக்குக் காலையில வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. நாங்க வெளியே வந்து கழட்டறோம். ஊர் பார்க்கக் கழட்டறோம். அதுக்கப்புறம் யார் உளர்றான்னு ஊரே சொல்லட்டும்."

அவள் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு அடுத்தவர்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே" என்றாள் மேஸ்திரியிடம். "என் தம்பிக்கு ஒரு கால் போச்சு. உன் முதலாளிக்கு ரெண்டு காலும் நடுங்கணும். அதை நான் கிட்ட நின்னு பார்க்கணும். அதுக்காகத்தான் உன்னோட சேர்றேன்."

"அது போதும்" என்றார் மேஸ்திரி.

மறுநாள் ஐஸ் கம்பெனிக் கதவு திறந்தபோது வாசலில் ஒரு வண்டியும் இல்லை. பன்னிரண்டில் பதினொன்று பட்டறை முன்னால் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவது உள்ளே நசுங்கிக் கிடந்த தம்பி வண்டி. மெக்கானிக்குகள் ஏழு பேரில் ஆறு பேர் கையில் ஜாக்கியும் ஸ்பானருமாக மஞ்சள் கோட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். ஏழாமவன் முதலாளியின் சொந்தக்காரன். அவனிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

வேலை தொடங்கியது. ஜாக்கிகள் கிரீச்சிட்டு ஏறின. நட்டுகள் அலறிக்கொண்டு சுழன்றன. சக்கரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இத்தனை வருஷமாக இந்த வேலையைப் பார்க்க அனுமதி இல்லாத வண்டிக்காரர்கள் மண்டியிட்டு விளக்குப் பிடித்தார்கள். ஐஸ்காரி ஈரக் கோணியை ரோட்டில் விரித்தாள். மேஸ்திரி முதல் சிலிண்டரைக் கழற்றி அதில் வைத்தார். பளபளவென்று புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. அவள் கொக்கியின் நுனியால் ஒரு கீறு கீறினாள். வெள்ளிப் பெயிண்ட் தோலாக உரிந்தது. உள்ளே துரு, உளுத்துப்போன ரப்பர், கசிந்து வழிந்த எண்ணெய்.

"இது என் வண்டியோடதா?" என்று வாயாடி கேட்டான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. நேற்றுவரை இதை நம்பித்தான் அவனும் இறங்கியிருக்கிறான்.

கூட்டம் கூடியது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் எட்டிப் பார்த்தார், முகம் வெளுத்தது. "நானும் இங்கதான் போட்டேன். என்னோடதையும் பாருங்கப்பா" என்று வேனைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார். பின்னால் இரண்டு டாக்ஸிகள் வந்து சேர்ந்தன.

முதலாளி மாடி அறையிலிருந்து ஓடி வந்தான். "யாரைக் கேட்டுடா வெளியே போனீங்க? எல்லாரும் உள்ளே போங்கடா!"

ஆறு பேரில் ஒருவரும் நிமிரவில்லை. ஸ்பானர்கள் சுழன்றுகொண்டே இருந்தன.

"இன்னிக்கோட உங்க ஆறு பேருக்கும் வேலை கிடையாது!"

"இன்னிக்கு நிறைய வேலை இருக்கு முதலாளி. இன்னும் ஏழு வண்டி பாக்கி" என்றார் மேஸ்திரி.

ஐஸ்காரி எழுந்து முதலாளியின் முன்னால் வந்தாள். "கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு" என்றாள்.

அவன் காலைப் பார்த்தாள். இன்னும் நடுங்கவில்லை. ஆனால் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தது. பிறகு திரும்பி மாடிக்கு ஓடியது, ஃபோனைத் தேடி.

அரைமணியில் ஜீப் வந்தது. தம்பி மேல் கேஸ் எழுதிய அதே இன்ஸ்பெக்டர். தடியைச் சுழற்றிக்கொண்டே இறங்கினார்.

"என்ன இது, ரோடா, சந்தைக்கடையா? வண்டியை எடுங்க எல்லாரும்."

"சக்கரம் இல்லை சார். தூக்கிட்டுப் போறதுன்னா போங்க" என்றான் வாயாடி. அவனுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

"திமிரா? உள்ளே தள்ளினா தெரியும்." அவர் ஐஸ்காரி பக்கம் திரும்பினார். "நீதானே அவன் அக்கா? உன் தம்பி செஞ்ச தப்புக்கு ஊரைக் கூட்டறியா?"

அவள் பதில் சொல்லுமுன் மேஸ்திரி எழுந்தார். கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்க ஜீப்பும் போன மாசம் நம்ம பட்டறைக்குத்தான் வந்துது. பிரேக் வேலை நான்தான் பார்த்தேன்."

"அதுக்கென்ன? புதுசுதானே போட்டே?"

"பெயிண்ட் அடிச்சேன் சார்."

இன்ஸ்பெக்டரின் தடி சுழல்வதை நிறுத்தியது. கோணியில் வரிசையாகக் கிடந்தவற்றைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பட்டறை மேட்டில் இருக்கிறது, ஸ்டேஷன் கீழே பள்ளத்தில். தண்ணீர்த் தொட்டி மதில் இங்கிருந்தே தெரியும்.

"ஜாக்கி போடவா சார்?" என்று ஐஸ்காரி கேட்டாள்.

"கூட ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள இடம் காலியாகணும்" என்று சொல்லிவிட்டு, ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, இறக்கத்தில் நடந்தே போனார்.

ரோடே சிரித்தது. கிரீஸ் படிந்த முகங்களும் ஐஸில் வெடித்த முகங்களும் சேர்ந்து சிரித்தன. அவள் மட்டும் சிரிக்கவில்லை. மாடி ஜன்னலில் தெரிந்த முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை. "இறங்கி வாடா" என்று கத்தினாள். "வந்து ஒவ்வொண்ணா கையில எடுத்து, எந்த வண்டியில என்ன போட்டேன்னு ஊருக்குச் சொல்லு. என் தம்பி பேர்ல எழுதினதை உன் பேர்ல எழுதற வரைக்கும் இந்த வாசலை விட்டு நான் போகமாட்டேன்!"

"நாங்களும்தான்" என்று வேன்காரர் சொன்னார். அவர் வேனிலிருந்து எடுத்த சிலிண்டரையும் கோணியில் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார்.

கழற்றின சக்கரங்களைப் படுக்கவைத்து எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி அவளுக்குப் பக்கத்திலிருந்த சக்கரத்தில் உட்கார்ந்தார். அவள் எழுந்து போகவில்லை. மேட்டில் கம்பெனியில் பாளங்கள் கரைந்து சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளத்திலிருந்து போலீஸ் வேன் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒருவரும் ஒரு சக்கரத்தைக்கூட எடுத்து மாட்டவில்லை.