கழற்றிய ரேம்

காலை ஒன்பது மணிக்கு மனைவி கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது; திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தது.

அவள் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். ஒரு மாதமாகத் திருத்திய இருநூறு பக்கமும் அதற்குள்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

"என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன். உசிரே வரமாட்டேங்குது."

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். முந்தின நாள் அவள் வெளியே போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, நினைவகத் தகடான ரேம் இரண்டில் ஒன்றைக் கழற்றியவன் அவன்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் நினைவகம் போதாமல் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு திணறிக்கொண்டிருந்தது. எழுத்து வேலைக்கு ஒன்றே தாராளம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். கழற்றும்போது கைபட்டு மற்றது தளர்ந்திருக்க வேண்டும்.

அவன் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து அவன் அப்பா எழுந்து வந்தார்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன். ஒரே தூசியா இருக்கேன்னு நேத்து சாயங்காலம் ஈரத்துணியால துடைச்சேன்."

"பரவாயில்ல மாமா" என்றாள் அவள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

அப்போதே அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரோடு மேசைக்கடியில் புகுந்தான். அப்பா குனிந்து டார்ச் பிடித்தார்.

"தண்ணி உள்ள போயிருக்குமாடா? பாவம்டா, கண்ணு எரிய எரிய உக்காந்து செஞ்ச வேலை."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மிச்சமிருந்த ரேமை உருவி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்து, மறுபடி பள்ளத்தில் வைத்து அழுத்தினான். இரு பக்கமும் 'டக்' என்று கொக்கி விழுந்தது. பொத்தானைத் தட்டியதும் திரை விழித்துக்கொண்டது. கோப்பு பத்திரமாக இருந்தது.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டபடி அவள் அனுப்பத் தொடங்கினாள்.

"இனிமே அந்த மேசைப் பக்கமே நான் வரமாட்டேம்மா" என்றார் அப்பா.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் நேத்து ஒரு ரேமை எடுத்தேன். கேம் விளையாட."

அப்பா டார்ச்சை அணைக்க மறந்து நின்றார். "அரை மணி நேரமா பக்கத்துலயே நிக்கிறேனேடா. சொல்ல வாய் வரலையா உனக்கு?"

மனைவி எழுந்து தன் நாற்காலியை மாமனார் பக்கம் இழுத்துப் போட்டாள். "உக்காருங்க மாமா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

அவன் உள்ளே போய்த் தன் கம்ப்யூட்டரிலிருந்து ரேமைக் கழற்றி வந்து, அவளுடையதில் மாட்டினான். அவள் தலை திரும்பவே இல்லை.

மத்தியானம் அப்பா மட்டும் எப்போதும்போல, "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.