கடல் சிப்பும் காட்டுச் சிப்பும்

"ஏதாவது ஒண்டை எடுத்துத் துலையனடா!" என்று நான்காவது தடவையாகச் சொன்னார் இரத்தினவேல்.

தம்பி குகதாசன் அசையவில்லை. தன் கார் திருத்தக் கொடுத்திருக்கிறது, பாதை காட்டும் கருவி வாங்கவேண்டும் என்று சொல்லித்தான் அண்ணனைக் கூட்டி வந்திருந்தான். வந்து பார்த்தால் கடைச் சுவர் நிறைய வேட்டைத் துவக்குகளும் மீன் தூண்டில்களும். மூன்று தலைமுறையாக மச்சம் மாமிசம் தொடாத குடும்பம். கோயில் நிர்வாகசபையில் பதினொரு வருடம் இருந்த இரத்தினவேல், தெரிந்த தமிழர் யாரும் வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கைக்கு அடக்கமான ஜீ.பி.எஸ். ஒன்றைத் தெரிவுசெய்யவே முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. "இதெண்டால் கையுறையோடை அமத்தலாம் அண்ணை. தண்ணிக்குள்ளை விழுந்தாலும் மிதக்கும்."

இப்போது அதற்குள் செருகும் வரைபடச் சிப்பு. சுண்டுவிரல் நகமளவில் இரண்டு. ஒன்றில் கடலும் அதன் ஆழமும். மற்றதில் காடு, சதுப்பு, வேட்டை எல்லை.

"ரண்டையும் வாங்கினால் வீட்டிலை ஜெயா கொல்லுவாள்."

"எத்தினை வருசமாடா இந்த வேலை?"

"ஏழு. கோவிக்காதேங்கோ. கடலோ காடோ, நீங்களே ஒண்டைச் சொல்லுங்கோவன்."

"என்னைக் கேளாதை! அப்பா இருந்திருந்தால் நாண்டு செத்திருப்பார்."

அவர் வெளியே போய்க் காருக்குள் இருந்தார். பத்து நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்து நின்றபோதும், பாதையை மறித்துவிட்டான் என்றுதான் எரிச்சல்பட்டார்.

கடைக்குள் குகதாசனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள், அம்மருட் பகுதியிலிருந்த தம்பியின் வீட்டில், திராமன் நகரிலிருந்து வந்த பூமணி மாமி எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "ரத்தினம், நீதானே பக்கத்திலை நிண்டனி. கடைசியா என்ன சொன்னவன்?"

இரத்தினவேல் முதுகை நிமிர்த்தினார். "சிவபுராணம் சொன்னவன்."

"எங்கடை குடும்பத்துப் பிள்ளையெல்லோ!" மாமி கண்ணைத் துடைத்தார்.

குகதாசனின் மனைவி ஜெயகுமாரி தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து, குசினிக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு அவரைக் கூப்பிட்டாள்.

"பெரியத்தான், அவருக்குச் சிவபுராணம் ரண்டு வரிக்கு மேலை தெரியாது."

"தெரியும்."

"உண்மையிலை என்ன சொன்னவர்?"

"கடலோ காடோ எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அவள் மூலையில் கிடந்த பெரிய பிறீசரின் மூடியைத் தூக்கினாள். பொதி பொதியாக இறைச்சி, மீன். ஒவ்வொன்றிலும் தம்பியின் கையெழுத்தில் திகதி.

"இதை என்ன செய்யிறது?"

"சனியன், இவ்வளவோ..." என்று அவர் தொடங்கும்போதே அறை வாசலில் பூமணி மாமியின் குரல் கேட்டது. சாவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மாமி ஒரு தட்டு நிறைய இடியப்பம் கொண்டுவந்திருந்தார்.

"பிள்ளை, மிச்சத்தை உதுக்குள்ளை வைக்கட்டோ?"

இரத்தினவேல் மூடியைச் சாத்தி, அதன்மேல் ஏறி நிமிர்ந்து இருந்தார்.

"இது பழுது, மாமி."

அவருக்குக் கீழே பிறீசர் ஒருமுறை குலுங்கி உறுமத் தொடங்கியது. மாமி தட்டோடு நின்றார். இரத்தினவேல் எழும்பவில்லை.